அரட்டைச் செயலிகளில் பாதுகாப்புத் திருத்தம்: வேகம் அளவுகோலாகுமா?

இணைய வழி அரட்டைச் செயலி ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரத்தில் அதை அடைத்தார்கள் என்பதைத்தான். நிறுவனங்களும் அந்தக் கணக்கையே பெருமையோடு முன்வைக்கின்றன. வேகம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஓட்டை எந்தக் காரணத்தால் உண்டானதோ அந்தக் காரணம் திருத்தத்துக்குப் பிறகும் நிரலில் மிஞ்சியிருக்கிறதா என்பதை வேகம் காட்டாது. திருத்தத்தின் தரத்தை அந்தக் காரணம் அகன்றதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிக்னல் செயலியின் கணினிப் பதிப்பில் 2018 மே மாதம் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்தப் பதிப்பு தனிச் செயலி போலத் தோன்றினாலும் உள்ளே ஓடுவது உலாவியின் எந்திரமே. திரையில் தெரியும் ஒவ்வொரு செய்தியும் ஒரு வலைப்பக்கத்தின் துண்டு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள், இணைய முகவரி ஒன்றுக்குள் எச்.டி.எம்.எல். குறிகளைச் செருகி அனுப்பியபோது, பெறுபவர் எதையும் சொடுக்காமலேயே அந்தக் குறிகள் செயல்பட்டன. ஓட்டை பற்றித் தெரிவிக்கப்பட்ட சில மணி நேரத்தில் திருத்தம் வந்துவிட்டது; 1.10.1 பதிப்பில் அந்த ஓட்டை இல்லை. முகவரிகளைச் சோதிக்கும் வரி முந்தைய பதிப்புகளில் இருந்ததையும், ஏப்ரல் மாதப் புதுப்பிப்பில் அது விடுபட்டுப்போனதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். சில நாள்களுக்குள் இரண்டாவது ஓட்டை வெளிப்பட்டது. குறிகள் கொண்ட செய்தியை அனுப்பிவிட்டு, அதையே மேற்கோள் காட்டிப் பதில் அனுப்பினால் போதும். நேரடிச் செய்தியில் அடைபட்ட வழி மேற்கோள் பெட்டியில் திறந்தே கிடந்தது. அதற்கு 1.11.0 வரவேண்டியிருந்தது.

இரண்டுக்கும் வெவ்வேறு அடையாள எண்கள் தரப்பட்டதால் இவை தனித்தனி ஓட்டைகள் என்று பதிவாயின. வேர் ஒன்றுதான்: பிறர் அனுப்பிய எழுத்தை வெறும் எழுத்தாகக் காட்டாமல், பக்கத்தின் கட்டமைப்பாக உலாவியிடம் ஒப்படைப்பது. அந்தப் பழக்கம் நிரலில் இருக்கும்வரை மேற்கோள், முகவரி முன்னோட்டம், ஸ்டிக்கர் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொரு வசதியும் ஒரு புதுக் கதவு. முகவரியைச் சோதிக்கும் ஒரு வரியைத் திரும்பச் சேர்ப்பது ஒரு கதவைப் பூட்டுகிறது, அவ்வளவே. எழுத்தை எழுத்தாக மட்டுமே ஏற்கும் வழியை நிரல் முழுவதற்கும் கட்டாயமாக்கினால்தான் வேர் அறும்.

தீப்பற்றி எரியும்போது வீட்டின் வரைபடத்தையா திருத்துவது என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். நியாயமான கேள்விதான், முதல் நாள் குறுகிய திருத்தம் போதும். ஆனால் சிக்னலின் நிரல் எல்லோரும் படிக்கக்கூடியது. திருத்தம் வெளியான கணமே, எந்த இடம் பழுதாக இருந்தது என்பது தாக்க நினைப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதே பழுது வேறெங்கு இருக்கும் என்று அவர் தேடத் தொடங்குவார். குறுகிய திருத்தத்தோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு வழிகாட்டுவதாகவே முடியும்.

இன்னொரு மறுப்பு வலிமையானது: உலாவியில் ஓடும் செயலிக்குச் சர்வரில் நிரலை மாற்றினால் போதும், பயனர் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது. 2017 மார்ச்சில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வாட்ஸ்அப் வெப்பில் கண்ட ஓட்டை அப்படித்தான் விரைவாக அடைக்கப்பட்டது. படம் போல் தோன்றிய கோப்பு ஒன்றைத் திறந்தால், அதனுள் இருந்த நிரல் வாட்ஸ்அப்பின் முகவரியிலேயே இயங்கிக் கணக்கைக் கைப்பற்றியது. முனைக்கு முனை மறையாக்கம் இருந்ததால் இடையில் நின்ற சர்வருக்கு உள்ளடக்கம் தெரியாது. ஆகவே மறையாக்கத்துக்கு முன்பே உள்ளடக்கம் சோதிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இங்கே ஓர் ஐயம் எழுகிறது. மறையாக்கத்துக்கு முன் என்றால் அனுப்புபவரின் உலாவியில் என்று பொருள். எந்தக் கோப்பு வகைகளை அனுப்பலாம் என்று அங்கே இருந்த பட்டியலைத்தான் ஆய்வாளர்கள் மாற்றிக் காட்டியிருந்தார்கள். தாக்குபவரின் கையில் இருக்கும் சோதனையை நம்பிப் பயனில்லை. பெறுபவரின் உலாவியிலும் சோதனை வேண்டும். தவிர, சர்வரில் மாற்றியும் வேலை முழுதாக முடியவில்லை. புதிய நிரல் ஏற, பயனர்கள் உலாவியை மூடித் திறக்க வேண்டும் என்று செக் பாயிண்டே அறிவுறுத்தியது.

உலாவியைப் பெட்டிக்குள் அடைத்துத் தரும் கணினிப் பதிப்புகளுக்குச் சர்வரிலேயே நிரலை மாற்றும் இந்த வசதியும் முழுமையாக இல்லை. வாட்ஸ்அப்பின் கணினிப் பதிப்பில் பாதுகாப்பு ஆய்வாளர் கேல் வைஸ்மன் கண்டு 2020 பிப்ரவரியில் வெளியிட்ட ஓட்டை, பயனரின் கணினியிலுள்ள கோப்புகளைப் படிக்குமளவுக்குச் சென்றது. அவர் ஆராய்ந்தபோது வெளியிலிருந்த குரோம் 78ஆவது பதிப்பை எட்டியிருந்தது. செயலிக்குள் இருந்ததோ குரோமியம் 69. அவர் கையாண்ட தந்திரத்தை உலாவி உருவாக்கியோர் ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் பெட்டிக்குள் வந்து சேரவில்லை.

எனவே திருத்தம் வெளியிடும் நிறுவனங்கள் அடைத்த நேரத்தைச் சொல்வதோடு நில்லாமல், பழுதின் காரணம் என்ன, அதே காரணம் நிரலில் வேறு எங்கெல்லாம் தேடப்பட்டது, அது திரும்ப வராமலிருக்க எந்தச் சோதனை சேர்க்கப்பட்டது, உள்ளிருக்கும் உலாவி எந்தப் பதிப்பு என்பவற்றையும் தம் அறிக்கையில் எழுத வேண்டும். இவை இல்லாத அறிக்கையை முழுத் திருத்தத்துக்கான சான்றாக ஆய்வாளர்கள் ஏற்கக் கூடாது.