எசெக்ஸ் கவுண்டிப் பூங்காக்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எசெக்ஸ் கவுண்டி, 1895ஆம் ஆண்டு தனக்கென ஒரு பூங்கா ஆணையத்தை அமைத்தது. அந்நாட்டில் ஒரு கவுண்டி முழுவதற்குமாக உருவான முதல் பூங்கா அமைப்பு இதுவே. கவுண்டி என்பது மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட நிர்வாகப் பிரிவு. ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது.

பின்னணி

கவுண்டியின் பெருநகரம் நியூவார்க். தோல் பதனிடுதல், பீர் காய்ச்சுதல், நகைத் தொழில் ஆகியவற்றால் வளர்ந்த இந்நகரில் 1890இல் 1,80,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். ஆனால் பெரிய பூங்கா என்று எதுவும் இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வாக்ஸுடன் இணைந்து வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் 1867இலேயே இங்கு வந்து, பூங்காவுக்கு ஏற்ற இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுச் சென்றிருந்தார். செலவுக்கு அஞ்சி அதைக் கைவிட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்துக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. அதற்குள் நகரம் பெருத்துவிட்டது.

நகராட்சியே பூங்கா அமைக்காமல் கவுண்டி ஏன் முன்வந்தது? நியூவார்க்கின் எல்லைக்கு மேற்கே ஆரஞ்ச் முதலிய சிறு நகரங்களும், அவற்றுக்கப்பால் மரங்கள் அடர்ந்த மலைத்தொடரும் இருந்தன. அந்த மலையை வாங்கும் வசதி சிறு நகரங்களுக்கு இல்லை. வசதி இருந்த நியூவார்க்குக்கோ அது எல்லைக்கு வெளியே இருந்தது. கவுண்டி முழுவதும் வரி கொடுத்து, கவுண்டி முழுவதும் அனுபவிக்கட்டும் என்ற யோசனையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெடெரிக் கெல்சி. அவர் நாற்றுப்பண்ணைத் தொழில் நடத்தியவர்.

ஆணையம்

1894இல் ஒரு தற்காலிக ஆணையம் நிலங்களை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்து, 25 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுடன் நிரந்தர ஆணையம் பிறந்தது. உறுப்பினர்களை நியமிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் விடப்பட்டது. கட்சி அரசியல் உள்ளே நுழையக் கூடாது என்பதே நோக்கம். அரசியலைத் தடுத்தாலும் வணிக நலன்களைத் தடுக்க முடியவில்லை. பூங்காக்களை இணைக்கும் மரநிழல் சாலைகளாக ஆணையம் திட்டமிட்ட பெருஞ்சாலைகளில் டிராம் நிறுவனங்களும் கண்வைத்தன. இந்த இழுபறியையும் நியமன முறையின் குறைகளையும் கெல்சி 1905இல் வெளியிட்ட நூலில் வெளிப்படையாகவே எழுதினார். உள்ளே இருந்த ஒருவரே எழுதியது என்பதால் அந்நூல் இன்றும் பயன்படுகிறது.

பிராஞ்ச் புரூக் பூங்கா

முதல் பூங்கா பிராஞ்ச் புரூக். நியூவார்க் நகரின் பழைய நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த சுமார் 60 ஏக்கரே இதன் தொடக்கம். அருகே கிடந்த சதுப்பு நிலத்தை ஏரியாகத் திருத்தினர். பீர் ஆலை நடத்திய பாலண்டைன் குடும்பம் போன்றோர் நிலம் கொடுத்தனர். முதலில் ஜான் போகார்ட், நேதன் பாரெட் ஆகியோர் பாத்திகளும் வடிவக் கோலங்களுமாக ஒரு தோட்டத்தை அமைத்தனர். சில ஆண்டுகளிலேயே ஓம்ஸ்டெட்டின் வாரிசுகள் நடத்திய நிறுவனம் வரவழைக்கப்பட்டு, புல்வெளியும் வளைந்த நீர்நிலைகளுமாக அது மாற்றப்பட்டது. இன்று பூங்காவின் பரப்பு சுமார் 360 ஏக்கர். இங்குள்ள புகழ்பெற்ற செர்ரி மரங்கள் மூலத் திட்டத்தில் இல்லாதவை. 1927இல் கரோலின் பாம்பர்கர் ஃபுல்ட் 2,000க்கும் மேற்பட்ட மரங்களை அளித்தார். இப்போது மக்கள் கூட்டம் கூட்டமாக வருவது அந்தப் பூக்களுக்காகத்தான்.

பங்கீடு

பரப்பளவைப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு கண்ணில் படும். மேற்கே மலைமீதுள்ள சௌத் மௌண்டன் காப்புவனம் 2,000 ஏக்கருக்கு மேல். ஈகிள் ராக் சுமார் 400. தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த கிழக்கு நியூவார்க்குக்குக் கிடைத்த ஈஸ்ட் சைடு பூங்காவோ 13 ஏக்கர்கூட இல்லை. மலை நிலம் மலிவு, நகர நிலம் விலை அதிகம் என்பது நியாயமான காரணமே. ஆனாலும் கடன் பத்திரங்களுக்கான வரியை இரு தரப்பாரும்தான் கட்டினர்.

பிற்காலப் பயன்பாடு

காப்புவனத்தின் ஓர் ஓரத்தில் 1963இல் டர்டில் பேக் விலங்குக் காட்சியகம் திறக்கப்பட்டது. காடு காடாகவே இருக்க வேண்டுமா, கட்டடங்களுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் தரலாமா என்ற வாதத்துக்கு இத்தகைய கட்டுமானங்களே இடமளிக்கின்றன. நியூ ஜெர்சியில் 1961இல் தொடங்கிய 'கிரீன் ஏக்கர்ஸ்' திட்டம் இதற்கு ஒரு கடிவாளம். அதன் கீழ் வரும் பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மாநிலத்தின் ஒப்புதலும் ஈடும் தேவை.

இன்னொரு சிக்கலை 1895இன் திட்டக்காரர்கள் எண்ணியே இருக்க மாட்டார்கள். வேட்டையாடும் விலங்குகள் இல்லாத காட்டில் மான்கள் பெருகி, முளைக்கும் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. முதிய மரம் சாய்ந்தால் அதன் இடத்தில் வளர இளமரம் இல்லை. எதிர்ப்புகளுக்கிடையே 2008 முதல் கவுண்டி நிர்வாகம் மான்களைச் சுட்டுக் குறைக்கும் நடவடிக்கையை மேற்கொண்டது. காட்டில் சில இடங்களில் வேலியிட்டு நாட்டுச் செடிகளும் நடப்பட்டன. வேலிக்குள்ளும் வெளியும் தரைச்செடிகளில் தெரியும் வேறுபாடு, மான்கள் எவ்வளவு மேய்ந்திருக்கின்றன என்பதைக் காட்டிவிடும்.