எழுத்தும் திறவுகோலும்

எழுதுவது ஒரு கலை. எழுதியதைக் காப்பது மற்றொரு கலை. பலர் கூடிப் பணியாற்றும் இடத்தில், ஒருவர் கண்டதை மற்றவர் படிக்கவும் திருத்தவும் வேண்டும் அன்றோ? அதற்கேற்ற மென்பொருளை எவ்வாறு தேர்வது?

முன்பு நான் பணியாற்றிய குழுவினர், ஐந்தாண்டுக் குறிப்புகளை ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதிவைத்தோம். அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. புதிய கணிப்பொறியில் எங்கள் கோப்புகள் திறக்கவில்லை. அச்சிட்ட சில தாள்களே எஞ்சின. எழுத்து எங்களுடையது, திறவுகோலோ பிறருடையது!

இதற்கு மாறான வரலாறு ஒன்று உண்டு. 1995-இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம், படிப்பவரே திருத்தக்கூடிய இணையதளம் ஒன்றை அமைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையப் பேருந்தின் பெயரை நினைந்து, அச்சொல்லை அதற்குச் சூட்டினார்.

2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தோன்றியது. அது முதலில் கொண்ட யூஸ்மாட்விக்கி என்னும் மென்பொருள், பக்கங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்தது. கட்டுரைகள் பெருகவே அது தளர்ந்தது. மாக்னஸ் மான்ஸ்கே என்னும் ஜெர்மானிய உயிரியல் மாணவர், தரவுத்தளத்தில் பக்கங்களைச் சேமிக்கும் புதிய நிரலை எழுதினார். 2002 ஜனவரியில் அது பயனுக்கு வந்தது. அதுவும் சுமை தாங்காதபோது, லீ டேனியல் குரோக்கர் மீண்டும் எழுதிய நிரல் அவ்வாண்டு ஜூலையில் இடம்பெற்றது. 2003-இல் அதற்கு மீடியாவிக்கி என்று பெயரிட்டனர். அதே ஆண்டு தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தது.

ஓராண்டுக்குள் இருமுறை வீடு மாறியும் கட்டுரைகள் உடன்வந்தது எவ்வாறு? அவை எளிய குறிகள் கலந்த வெற்றுரையாக இருந்தன. நிரலும் யாவரும் படித்துத் திருத்தத்தக்க திறமூலமாக இருந்தது. தொடக்ககாலத் திருத்தப் பதிவுகள் சில தவறியது உண்மை. ஆகவே படிகள் எடுத்துவைக்கும் கடமை எம்மென்பொருளாலும் நீங்குவதில்லை.

நீங்களும் ஒரு குழுவாய்ச் சேரும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். புதியவர் எளிதில் எழுத இயலுமா? யார் எதை மாற்றினார் என்பது தெரியுமா? ஆக்கியோர் கைவிட்டால், நம் எழுத்தை எடுத்துக்கொண்டு நாம் வெளியேற இயலுமா? மூன்றாவதை நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் அதனையே முதலில் கேளுங்கள்.