மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

நேயர்களே, 147573952589676412927 என்னும் எண்ணை வாய்விட்டு வாசிக்கப் புகுந்தால் மூச்சு வாங்கும். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் இருபத்தோரிலக்க எண் இது.

6ஐ மீதியின்றி வகுக்கும் சிற்றெண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினாலும் ஆறே வரும். 28உம் அத்தகையதே. இவற்றை நிறைவெண்கள் என்பர். இரண்டின் ஒரு வலுவில் ஒன்று குறைந்த எண் முதன்மை எண்ணாயின், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை ஆக்கலாமென யூக்கிளிட்டு நிறுவினார். எந்தெந்த வலுக்கள் முதன்மை எண்ணைத் தரும் என்னும் வேட்கை இதனாலே எழுந்தது. வலுவும் முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். ஆயினும் அது மட்டும் போதாது. பதினோராம் வலுவிலே வரும் 2047, 23ஐ 89ஆற் பெருக்கிய பெருக்கமேயாகும்.

1644ஆம் ஆண்டில் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, 257 வரையுள்ள வலுக்களுள் இவை இவையே முதன்மை எண் தருவன என ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் இருந்தது. பதினைந்து இருபது இலக்க எண்ணைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாதென அவரே ஒப்புக்கொண்டவர். பின்னர் எத்துணிவிற் பட்டியலிட்டாரோ! 61, 89, 107 என்பவற்றை அவர் விட்டுவிட்டார். 257ஐப் பிழையாகச் சேர்த்தார். பட்டியல் முற்றாகச் சரிபார்க்கப்பட்டது 1947இலேயே.

1876இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணிதர், 67ஆம் வலுவின் எண் முதன்மை எண் அன்று எனக் காட்டினார். விந்தை யாதெனில், அதன் காரணி ஒன்றையேனும் அவர் காட்டவில்லை. எம் வகுப்பறையில் ஒரு மாணவன் இவ்வாறு விடையளித்திருந்தால் யான் நம்பியிரேன். ஆனால் லூக்காவின் முறை ஐயத்துக்கு இடமற்றது. பூட்டிய பெட்டிக்குள் பொருளுண்டென அறிந்தார், திறவுகோல் கிட்டவில்லை.

1903 ஒற்றோபர் 31ஆம் நாள், நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பிராங்கு நெல்சன் கோல் என்னும் பேராசிரியர் எழுந்து, வாய் திறவாமற் கரும்பலகையை அடைந்தார் என்பர். இரண்டின் 67ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார். பலகையின் வேறோரிடத்தில் 193707721ஐ 761838257287ஆற் படிப்படியாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒத்தன. ஒரு சொல்லும் பேசாது தம் இருக்கைக்கு மீண்டார். அவை கையொலி எழுப்பியது. எவ்வளவு காலம் பிடித்தது எனப் பின்னொருநாள் வினவியவர்க்கு, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

அவர் கண்மூடித்தனமாகத் தேடியவரல்லர். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134இன் மடங்கிலும் ஒன்று கூடியதாயிருத்தல் வேண்டும்; எனவே பெரும்பாலான எண்கள் முதலிலேயே கழிந்துவிடும். எஞ்சியவற்றையும் வேறு விதிகளால் அவர் சலித்தெடுத்தார். கிடைத்த சிறிய காரணியோ 134இன் 1445580ஆம் மடங்குக்கு அடுத்த எண்! இன்று கணினி இதனை நொடிப்பொழுதிற் கண்டுவிடும். கோலுக்குத் தாளும் எழுதுகோலுமே துணை.

இரு காரணிகளின் ஈற்றிலக்கங்கள் 1உம் 7உம். அவற்றின் பெருக்கம் 7, எம் எண்ணின் ஈற்றிலக்கமும் அதுவே. எஞ்சிய இருபது இலக்கங்களையும் சரிபார்க்க விரும்பும் நேயர்கள் ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்க.