இளையோர் புதினமும் பரிசு நெறியும்: தாம்பரம் சார்ந்த ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மாந்தர் வாழ்வை அகவை நோக்கிப் பகுத்துப் பெயரிடும் வழக்கம் தமிழுக்குப் பழையது. மகளிர் பருவம் ஏழெனக் கொண்ட பாட்டியல் மரபு, 12, 13 அகவையினரை மங்கை என்றும், 14 முதல் 19 முடிய உள்ளாரை மடந்தை என்றும் வழங்கிற்று. ஆடவர்க்கும் பாலன் முதலாக முதுமகன் ஈறாகப் பருவங்கள் கூறப்பெற்றன. குழவிப் பருவத்தைப் பாடப் பிள்ளைத்தமிழும், எழுவகை மகளிரையும் ஒருங்கு நிறுத்திப் பாட உலாவும் தோன்றின. எனினும் இவ்விலக்கிய வகைகள் பருவத்தைப் பாடுபொருளாகக் கொண்டனவே அன்றிப் படிப்போர் பருவத்தைக் கருதி எழுந்தன அல்ல. படிப்போரின் அகவைக்கேற்ப நூல் செய்தல் என்பது அச்சும் பள்ளியும் பரவிய பின்னர் வந்த நெறியாகும்.

குழந்தைகட்கெனத் தனி இலக்கியம் உண்டென்பதை இன்று மறுப்பார் இலர். வளர்ந்தோர்க்குரிய நாவலும் தன் வரலாற்றைப் பெற்றுவிட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நிற்கும் பதின்பருவத்தார்க்குத் தமிழில் உரிய புதினங்கள் யாவை? அவற்றைப் பரிந்துரைத்தோர் யாவர்? பரிசில்கள் அப்பருவத்தை எவ்வாறு கருதின? இவ்வினாக்களைத் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் பகுதிகளும் சார்ந்த செய்திகளோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கல்லூரியும் முதல் நாவல்களும்

தாம்பரத்திற்கும் தமிழ் நாவலுக்கும் உள்ள உறவு சென்னைக் கிறித்தவக் கல்லூரி வழி அமைந்தது. 1837-இல் சென்னை நகரில் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம், நூறாண்டு நிறைந்த 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. நகரிலிருந்த காலத்திலேயே அக்கல்லூரி தமிழ் நாவலின் தோற்றத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ இயற்றிய பி. ஆர். ராஜமய்யரும், ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவும் அங்குப் பயின்றவர்கள். ‘மதிவாணன்’ என்னும் புதினம் வரைந்த பரிதிமாற் கலைஞர் அங்குத் தமிழாசிரியராய் விளங்கியவர்.

ஈண்டுக் கருதத்தக்கது இவர்தம் இளமையாகும். ராஜமய்யர், மாதவையா இருவரும் 1872-இல் பிறந்தோர். மாதவையா ‘விவேக சிந்தாமணி’ இதழில் சாவித்திரியின் கதையை எழுதத் தொடங்கிய ஆண்டு 1892. அதே இதழில் ராஜமய்யரின் நாவல் தொடங்கிய ஆண்டு 1893. கல்லூரி வாயிலைக் கடந்து சின்னாள் கூட ஆகாத இளைஞர்களே தமிழ் நாவலுக்குக் கால்கோள் இட்டனர் என்பது இதனால் விளங்கும். 1903-இல் வெளிவந்த மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’, இளம் பெண்ணொருத்தி தன் மணவாழ்வின் துயரையும் கைம்மையையும் தானே உரைப்பதாக அமைந்தது. பதின்பருவத்து உள்ளம் தன் வாயாலேயே பேசும் நாவல் தமிழில் எப்பொழுது தோன்றியது என ஆராய்வார் இந்நூலைக் கடந்து செல்லல் இயலாது.

மாணவர் எதனைக் கற்றல் வேண்டும் என்னும் வினாவிலும் மாதவையாவின் பெயர் நிலைத்துள்ளது. பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் உரையாற்றிய அவர் அவ்வவையிலேயே உயிர் நீத்தார். பாடத்திட்டம் என்பது ஒரு வகையில் பரிந்துரைப் பட்டியலே. நாவல், துணைப்பாட நூலாகப் பள்ளியிலும் கல்லூரியிலும் இடம்பெற்றமைக்குத் தமிழ் தன் இடத்தைப் பெற்றமையே அடிப்படை எனலாம்.

3. குழந்தை இலக்கியம் என்னும் பிரிவு

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. 1947-இல் ‘அம்புலிமாமா’ வெளிவரத் தொடங்கியது. 1950-இல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் சென்னையில் தோன்றியது. அதே ஆண்டில் ‘கண்ணன்’ இதழ் ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு தொடங்கப்பெற்று, 1972 வரை வெளிவந்தது. சிறுவர்க்கான தொடர்கதைக்கு அவ்விதழ் அளித்த இடம் பெரிது. குழந்தைப் பருவம் கடந்தும் முழு வளர்ச்சி எய்தாத படிப்போரை நோக்கிய எழுத்து அதன் பக்கங்களிலேயே உருப்பெற்றது எனக் கருத இடமுண்டு.

ஆயினும் சங்கமும் இதழ்களும் எழுப்பிய பெயர் ‘குழந்தை இலக்கியம்’ என்பதே. ஐந்து அகவைக் குழந்தைக்குரிய பாட்டும் பதினைந்து அகவை மாணவர்க்குரிய கதையும் அவ்வொரு பெயரின் கீழ் அடங்கின. அக்காலத் தேவைக்கு அது பொருந்தியதே. நூலே இல்லாத இடத்தில் முதற்கண் நூல் வேண்டும். உட்பிரிவு அடுத்த நிலையில் வருவது.

இதே காலப்பகுதியில் வளர்ந்தோர்க்கான பரிசு, இளையோர் வாழ்வைப் பேசும் நாவலொன்றைத் தேடி வந்தமை குறிக்கத்தக்கது. மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. சந்திரன், வேலய்யன் என்னும் இரு நண்பர்களின் வாழ்வை மாணவப் பருவந்தொட்டு வளர்த்துச் செல்லும் அந்நாவலை மாணவர் விரும்பிப் படித்தனர். ஆசிரியர் விரும்பிப் பரிந்துரைத்தனர். எனினும் அது இளையோர் நாவல் என்னும் பெயரைப் பெறவில்லை. அத்தகைய பெயர் அன்று இல்லை என்பதே காரணம்.

4. பரிசின் வரையறை

சாகித்திய அகாதெமி குழந்தை இலக்கியத்திற்கென ‘பால சாகித்திய புரஸ்கார்’ என்னும் விருதினை 2010 முதல் வழங்கி வருகிறது. 9 முதல் 16 அகவை வரையிலானோர்க்குரிய நூல்கள் இதன் எல்லைக்குள் அடங்கும். அமெரிக்க நாட்டில் குழந்தை நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922-இல் தொடங்கியது. 12 முதல் 18 அகவையினர்க்கான நூலுக்கென பிரிண்ட்ஸ் விருது 2000-இல் தனியே வந்தது. அங்கும் இப்பிரிவு தோன்ற முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆகவே நம்மிடையே அது காலந்தாழ்ந்தமை வியப்பன்று.

2010 முதல் 2025 வரை தமிழுக்கு வழங்கப்பெற்ற பதினாறு விருதுகளை வகைப்படுத்தின், பாடல் நூல்கள் மூன்று, ஒட்டுமொத்தப் பணிக்கு அளிக்கப்பெற்றன மூன்று, கதைத் தொகுதிகள் ஆறு, நாவல்கள் நான்கு. அந்நான்கும் வருமாறு: மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ (2010), யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025).

இவற்றின் ஆண்டுகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. முதற் பத்தாண்டில் நாவல் ஒன்றே விருது பெற்றது. அடுத்த ஆறாண்டில் மூன்று பெற்றன. பொருளிலும் மாற்றம் காணப்படுகிறது. பாலியல் தீங்கினின்று தன்னைக் காத்துக்கொள்ளச் சிறுமியர்க்கு உணர்த்தும் பொருளைப் பாலபாரதி எடுத்துக்கொண்டார். முந்தைய தலைமுறை, குழந்தை நூலில் இப்பொருளைத் தொட அஞ்சியிருக்கும். உதயசங்கரோ கீழடி அகழாய்வு காட்டும் பழந்தமிழர் வாழ்வைக் கதைப்பொருளாக்கினார். குழந்தை இலக்கியம் தன் மேல் எல்லையை நோக்கி நகர்கிறது என்பதற்கு இவை சான்று.

அகாதெமி 2011 முதல் வழங்கும் ‘யுவ புரஸ்கார்’ விருதை இவ்விடத்தில் சிலர் மயங்கக் கூடும். அது 35 அகவைக்கு உட்பட்ட எழுத்தாளர்க்கு உரியது. எழுதுவோர் இளமையைக் கருதியதே அன்றிப் படிப்போர் இளமையைக் கருதியது அன்று.

5. பரிசின் எல்லைக்கு அப்பால்

இனி, இளையோரைப் பற்றிய சிறந்த நாவல்கள் சில குழந்தை இலக்கிய வரம்புக்குள் வாராமையையும் நோக்குதல் வேண்டும். பூமணியின் ‘வெக்கை’ (1982) பதினைந்து அகவைச் சிறுவன் ஒருவனைத் தலைமை மாந்தனாகக் கொண்டது. தமையனைக் கொல்வித்தவனைப் பழிதீர்த்துத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் அவன் நாட்களே கதை. பெருமாள் முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கொங்கு நாட்டில் பண்ணையாட்களாய் ஆடு மேய்க்கும் சிறுவர்தம் வாழ்வைக் கூறுவது. திருவான்மியூரில் உள்ள தாரா பதிப்பகம் இதனை 2004-இல் ஆங்கிலத்தில் வெளியிட, அம்மொழிபெயர்ப்பு 2005-இல் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்நூல்களைப் பதினைந்து அகவை மாணவர்க்குப் பரிந்துரைக்கலாமா? ‘கொலையும் வறுமையும் இளம் உள்ளத்திற்கு ஆகா’ என்பார் உளர். பள்ளி செல்லாது பண்ணையில் உழைத்த சிறுவன் அவற்றை நூலில் அன்று, வாழ்விலேயே கண்டான் என்பது அவர்க்கு விடையாகும். ‘இளையோர் கல்கியின் நாவல்களையே சுவைத்துப் படிக்கும்போது தனிப்பிரிவு எதற்கு?’ என்பார் வேறு சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு; படிப்போரைத் தடுக்கும் வேலியாகப் பிரிவு அமையின் அது தீதே. ஆனால் பிரிவு என்பது திறனாய்வுக்குரிய அளவுகோலைத் தருவது. அளவுகோல் இல்லாதவிடத்து, நூலின் தகுதி அறவுரையின் மிகுதியால் அளக்கப்படுகிறது.

அவ்வளவுகோலுக்குரிய கூறுகள் மூன்றெனலாம். கதை, இளையோர் கண்வழியே உலகைக் காணல் ஒன்று; முதியோர் வந்து முடித்து வையாமல் இளையோரே தம் செயலின் பயனை எதிர்கொள்ளல் இரண்டு; அவர்தம் ஊரும் தொழிலும் பேச்சும் நூலில் உயிர்பெறல் மூன்று. ‘முத்துமீனாட்சி’யும் ‘வெக்கை’யும் இம்மூன்றிற்கும் பொருந்தி வருதல் காண்க.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இளையோர் புதினம் தமிழுக்குப் புதிய பொருள் அன்று என்பதும், அதன் பெயரும் ஏற்புமே புதியன என்பதும் பெறப்படும். இதன் முழு வரலாறு இனிமேல்தான் எழுதப்படல் வேண்டும். அதற்குரிய களமும் அண்மையிலேயே உள்ளது. தாம்பரத்தில் கல்லூரியின் மில்லர் நினைவு நூலகமும், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும் ஒரு நாள் பயணத்துள் அடங்குவன. பழைய சிறுவர் இதழ்களின் தொடர்கதைகளைத் தொகுத்து அடைவு செய்தலும், துணைப்பாடமாக அமைந்த நாவல்களை ஆண்டு வாரியாகப் பட்டியலிடலும் முதற்கண் செய்யத்தக்கன. முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், மங்கைக்கும் மடந்தைக்கும் தனித்தனிப் பெயரிட்டு வழங்கிய மொழி, அப்பருவத்தார் கையில் தரும் நூலுக்கும் உரிய இடம் வகுத்ததாகும்.