கலகெதரக் கணவாயும் கண்டிப் பெருந்தெருக்களும்: பாதைகாப்பும் நூல்நிலையமும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் தெருக்களைக் கொண்டு அளத்தல் மரபு. தெருவினாற் பண்டங்கள் செல்கின்றன, படைகளும் செல்கின்றன, கல்வியும் சமயமும் அவ்வழியே பரவுகின்றன. ஆயின் அதே தெரு உயிர்களைக் காவுகொள்ளும் இடமாகவும் இருக்கின்றது. தெருவை அமைத்தவர் பெயரை வரலாறு பொன்னெழுத்துக்களாற் பொறித்து வைக்கின்றது. தெருவில் மடிந்தவர் எத்தனை பேர், எவ்விடத்தில், எக்காரணத்தால் என்பதை எழுதி வைப்பதில் அது பெரும்பாலும் அசட்டையாகவே இருந்துள்ளது. இவ்வசட்டையின் விளைவு யாது, அதனைப் போக்குவதிற் கல்விக்கழக நூல்நிலையங்களுக்கு உரிய பங்கு யாது என்பவற்றை ஆராய்வதற்குக் கண்டி மாவட்டத்துக் கலகெதர என்னும் சிற்றூர் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெருவில், மலைநாடு முடிந்து ஏழு கோறளையின் தாழ்நிலம் தொடங்கும் எல்லையருகே கலகெதர அமைந்துள்ளது. சிங்களத்திற் 'கல' என்பது கல். 'கெதர' என்பது வீடு. ஊரின் பெயருக்கு ஏற்ப, அங்குள்ள கணவாய் கண்டியரசின் கல்வீட்டு வாயில் போன்றே பன்னெடுங்காலம் விளங்கியது. மேற்கே பலனைக் கணவாய் ஒரு வாயில். வடமேற்கே கலகெதர மற்றொரு வாயில். இவ்விரண்டையும் கடவாது கரைநாட்டிலிருந்து கண்டியை அடைதல் எளிதன்று.

கண்டி மன்னர்கள் தெருவமைக்கத் தெரியாதவர்கள் அல்லர், தெருவை வேண்டாதவர்கள். மலையும் காடும் ஆறுமே அவர்களுடைய கோட்டை மதில்கள். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு 1679ஆம் ஆண்டு தப்பிச் சென்ற றொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டுப் பாதைகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்லக்கூடிய ஒடுங்கிய வழிகளாகவே வைக்கப்பட்டிருந்தன என்பதையும், முக்கியமான இடங்களில் முள்ளாலான கடவைகள் நிறுவப்பட்டுக் காவலர் இருந்தனர் என்பதையும் குறித்துள்ளார். வழிச்செல்வோர் களிமண்ணிற் பதித்த முத்திரையை அனுமதிச் சீட்டாகக் காட்டவேண்டியிருந்தது. அக்காலத்துப் பாதைகாப்பு என்பது பாதையினின்றும் அரசைக் காப்பதேயன்றிப் பாதையிற் செல்வோரைக் காப்பதன்று.

இக்காவலை உடைக்க முயன்றவர் பலர். 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக்கு என்பவரின் படை ஏழு கோறளைப் பக்கமிருந்து மலையேறிக் கண்டி நகரைக் கைப்பற்றியது. எனினும் நோயும் உணவுத் தட்டுப்பாடும் தாக்கவே நிலைத்திருக்க மாட்டாது திரும்பியது. 1803ஆம் ஆண்டு சனவரி இறுதியிற் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஆங்கிலத் தளபதி மக்டவலின் படை, பெப்ரவரி மாதத்திற் கலகெதர, கிரிஹாகம ஆகிய இரு காவலரண்களையும் தாக்கிக் கைப்பற்றி, மக்கள் நீங்கி வெறிதாய்க் கிடந்த கண்டியினுட் புகுந்தது. நாயக்கர் குலத்து முத்துசாமி என்பவரை ஆங்கிலேயர் அரசராக்கினர். ஆயினும் வாயிலைக் கைப்பற்றியவர்களால் வழியைக் கைப்பற்ற முடியவில்லை. மழை பெய்தது, காய்ச்சல் பரவியது, உணவும் மருந்தும் வந்து சேரவில்லை. அவ்வாண்டு சூன் மாதம் மேசர் டேவி தலைமையில் எஞ்சியிருந்த படை சரணடைந்து நகரைவிட்டு நீங்கிற்று. மகாவலி கங்கை பெருக்கெடுத்தோடியது. கடப்பதற்கு ஓடம் இல்லை. முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். படைவீரரும் ஆற்றங்கரையில் வெட்டுண்டு மாண்டனர். ஒரு பாலம் இல்லாமையால் ஒரு படையே அழிந்தது எனின் அது மிகையாகாது.

இப்பாடத்தை ஆங்கிலேயர் மறந்தாரல்லர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; 1817-18இல் ஊவாவிற் கிளர்ச்சி எழுந்தது. தெருவின்றி மலைநாட்டை ஆள இயலாது என்பதை அக்கிளர்ச்சி தெளிவாக்கிற்று. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்சு தெருவமைப்பையே தம் ஆட்சியின் முதற்பணியாகக் கொண்டார். அவர் ஆட்சியிற் கொழும்பு-கண்டிப் பெருந்தெரு கடுகண்ணாவை வழியாக உருவாயிற்று. அதனை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. இளமையிலேயே படையிற் சேர்ந்த தோமசு ஸ்கின்னர் என்பவர் 1867இல் ஓய்வு பெறும் வரை தெருப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தார். பேராதனையில் மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் ஒன்று 1830களில் அமைக்கப்பட்டு, 1905ஆம் ஆண்டளவும் பயன்பட்டது. டேவியின் படை கடக்கமாட்டாது நின்ற கங்கையைச் சாதாரண மாட்டுவண்டியும் கடக்கும் காலம் பிறந்தது.

இத்தெருக்களை அமைத்தவர் யார்? முதலில், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரில் அழைக்கப்பட்ட கண்டிக் குடியானவர்கள். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோதிலும், 1848ஆம் ஆண்டுத் தெருக் கட்டளைச் சட்டம் வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அதே ஆண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு அக்காலத்துப் புதிய வரிகளோடு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. குடியானவர்களை அடுத்து வந்தவர்கள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள். கோப்பித் தோட்டங்களை நாடி வந்த இம்மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். பசியாலும் பேதியாலும் வழியிலேயே விழுந்தோர் பல்லாயிரவர். அவர் தொகை எவ்வளவு என்பதில் அக்காலத்தவரிடையேயே பெருங் கருத்து வேறுபாடு இருந்தது. ஏற்றுமதியான கோப்பியின் நிறை ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டது. அக்கோப்பியைப் பறிக்க வந்து வழியில் மாண்ட மனிதரின் தொகையோ கணக்கிடப்படவில்லை. கணக்கிடப்படாத துயருக்கு மருந்து தேடுவாரும் இலர். நெடுங்காலம் கழித்தே அவ்வழியில் தங்குமடங்களும் வைத்தியசாலைகளும் தோன்றின.

1867இற் புகைவண்டி கண்டியை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902ஆம் ஆண்டில், மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் என வகுக்கப்பட்ட மலைத்தெருக்களில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியதோடு பாதைகாப்பின் பொருள் முற்றிலும் மாறிற்று. மாடு தானாகவே நின்றுவிடும் வளைவில் மோட்டார் தானாக நிற்பதில்லை. வண்டியின் கனத்தோடு வேகமும் கூடும்பொழுது மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும் என்பது பௌதிகம் கற்கும் மாணவர் அறிந்ததே. வேகம் இருமடங்காயின் அழிவாற்றல் நான்மடங்காகும். ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் பள்ளமும் உள்ள வழியில், மழையால் நனைந்த தெருவும் தேய்ந்த சக்கரமும் உறங்காத சாரதியின் களைப்பும் ஒன்றுகூடுமாயின் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

அரசாங்கம் வாளாவிருந்ததில்லை. 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வண்டிப் பதிவு, சாரதி அனுமதிப் பத்திரம், வேக எல்லை முதலியவற்றை ஒழுங்குபடுத்திற்று. 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி பஸ் சேவைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1970களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. பிரயாணிகளைப் பிடிக்கும் போட்டி தெருவிலே ஓட்டப் போட்டியாக மாறியது அதன் பின்னரே. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கைத் தெருக்களில் உயிரிழந்தனர். 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் குருநாகல் மாவட்டத்து யாங்கல்மோதரையிற் புகைவண்டிக் கடவையில் பஸ் ஒன்று மோதுண்டு முப்பத்தைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆந் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1803ஆம் ஆண்டின் அழிவைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆண்டுதோறும் ஒரு படையளவு மக்கள் தெருவில் மடிவதை யாரும் வரலாறு என்று கருதுவதில்லை.

விதியின் செயல் என்று இதனைத் தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. 1997ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் தெருவில் ஒருவரும் உயிரிழத்தல் ஆகாது என்பதையே கொள்கையாக ஏற்றது. மனிதன் தவறுவான், அத்தவறு மரணமாக முடியாதவாறு தெருவையும் வண்டியையும் அமைத்தல் அரசின் கடன் என்பதே அதன் சாரம். இக்கொள்கைக்கு அடிப்படை, ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்து எழுதி வைக்கும் வழக்கமாகும். எங்கே, எப்போது, எவ்வாறு என்பது அறியப்பட்டால் அன்றோ வளைவைத் திருத்துவதா, வேலி இடுவதா, விளக்கு நாட்டுவதா என்று துணிய இயலும்?

இவ்விடத்திலேதான் நூல்நிலையத்தின் கடமை தொடங்குகின்றது. விபத்துப் பற்றிய செய்தி இந்நாட்டில் இல்லாமல் இல்லை. அது சிதறிக் கிடக்கின்றது. பொலிசாரிடம் ஒரு பகுதி; வைத்தியசாலையில் ஒரு பகுதி; நீதிமன்றத்தில் ஒரு பகுதி; தெருவைப் பராமரிக்கும் அதிகார சபையில் ஒரு பகுதி; பல்கலைக்கழக மாணவர் எழுதிய ஆய்வேடுகளில் ஒரு பகுதி. பொலிசார் அறிந்ததைப் பொறியியலார் அறிவதற்குள் அதே வளைவில் மற்றொரு வண்டி வீழ்ந்துவிடுகின்றது.

சீர்காழியிற் பிறந்து 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய இரங்கநாதன், 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளில், நூல்கள் பயன்படுத்தற்கே உரியன என்பதை முதல் விதியாகவும், வாசகர் காலத்தைப் பேணுக என்பதை நான்காம் விதியாகவும் வைத்தார். பாதைகாப்பில் வாசகர் காலத்தைப் பேணுதல் என்பது உயிரைப் பேணுதலேயாகும். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில், பொறியியலாளராய்ப் பணியாற்றிய கனகசபைப்பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நூல்நிலையத்தை நடத்தினார். தெருவும் நூலும் தொடர்பற்றவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பேராதனையும் இத்தொடர்பை நன்கு அறியும். 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கண்டிப் பெருந்தெருவின் ஓரமாக மகாவலிக் கரையில் குடியேறிற்று. பொறியியற் பீடம் 1964இல் அங்கு சென்றது. முதல் உபவேந்தர் சேர் ஐவர் யெனிங்சு கண்டித் தெருவைப் பற்றியே ஒரு நூல் எழுதி வைத்தார். அது நெடுங்காலம் அச்சேறாது கிடந்தது. பேராதனை நூலகராயிருந்தவரும், இலங்கை பற்றிய நூல்களுக்குப் பெரும் நூற்பட்டியலை 1970 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டவருமான கூனெதிலக்க என்பவரே அதனைப் பதிப்பித்து 1993இல் வெளிக்கொணர்ந்தார். நூலகர் ஒருவர் இன்றேல் அத்தெருவின் வரலாறு கையெழுத்தோடு மறைந்திருக்கும்.

நூல்நிலையம் இழக்கப்படின் என்ன நேரும் என்பதைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. தீயினால் அழியும் ஏடுகளுக்காகக் கண்ணீர் வடிக்கும் சமுதாயம், அசட்டையால் அழியும் ஏடுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கரையான் அரிக்கும் விபத்துப் பதிவேடு ஒவ்வொன்றிலும் ஒரு வளைவின் இரகசியம் புதைந்திருக்கின்றது.

ஆதலின் கல்விக்கழக நூல்நிலையங்கள் செய்யத்தக்கவை சில உள. அரசாங்கத் திணைக்களங்களின் ஆண்டறிக்கைகளையும் மாணவர் ஆய்வேடுகளையும் ஒருங்கு சேர்த்து, இடத்தின் பெயரால் அகரவரிசைப்படுத்திய அட்டவணை அமைத்தல் முதலாவது. அவ்வட்டவணையைத் தெருப் பொறியியலாளருக்கும் பஸ் சாலை அதிகாரிகளுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் தடையின்றி வழங்குதல் இரண்டாவது. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதன் சாரத்தை வெளியிட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்புதல் மூன்றாவது. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; வேண்டுவது ஊக்கமும் தொடர்ச்சியுமே.

மத்திய அதிவேகப் பாதையின் மூன்றாம் பகுதி பொத்துஹெர முதற் கலகெதர வரை எனத் திட்டமிடப்பட்டுள்ளது. முட்கடவை நின்ற இடத்தில் அதிவேகப் பாதையின் வாயில் அமையவிருக்கின்றது. அன்று அவ்வாயில் வருவோரைத் தடுத்து அரசைக் காத்தது. இனி அமையும் வாயில் வருவோரையும் போவோரையும் காப்பதாக அமைதல் வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு கல்லிலும் தாரிலும் இல்லை. முன்னே வீழ்ந்தவரைப் பற்றி எழுதி வைத்த ஏட்டிலேயே உள்ளது. அவ்வேட்டைப் பேணிப் படிப்பவர்க்கு எட்டச் செய்யும் நூல்நிலையமும், மலைச்சரிவின் ஓரத்தில் நாட்டிய காவல் வேலியைப் போல உயிர்காக்கும் அரணாகும்.