தாய்ப்பாலும் கூலிநேரமும்

முதற்குழந்தையைப் பெற்ற பெண்ணுக்கு முன்னாளில் இல்லாத ஒரு கேள்வி இன்று எழுந்திருக்கிறது. தாய்ப்பால் பம்புகளுள் எதை வாங்குவது? கையால் இயக்குவதா, மின்சாரத்தால் இயங்குவதா? கடைக்காரர் விலையைச் சொல்வார். அயலவர் அனுபவத்தைச் சொல்வர். ஆனால் தாயையும் சேயையும் பிரித்து, இடையே ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தது எது என்பதைச் சரித்திரமே சொல்ல வேண்டும். புத்தளக் கரையில் நின்று அதனை நோக்குவோம்.

பழமையைப் பொற்காலமாகப் புனைந்து பேசுவோர் உண்டு. சங்கப் பாடல்களில் செவிலி வருகிறாள். இக்கரையின் முஸ்லிம் மக்களிடையே, ஒரு தாயிடம் பாலுண்ட பிள்ளைகள் உடன்பிறந்தாராகவே கருதப்படுவர். அவர்களுக்குள் மணவுறவு இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாமீனில் வறையும் புட்டும் ஆக்கிக் கொடுப்பது கரையோர வழக்கம். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிய 1935ஆம் ஆண்டில், இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன என்பதும் மெய்யே. தாய்மார் அன்பில் குறைந்தவர்களா? இல்லை. காய்ச்சலும் பசியும் அவர்களுடைய உடலையே உருக்கின. 1947இல் அத்தொகை 101 ஆயிற்று. இன்று பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும், வீடு வீடாக நடந்து சென்ற மருத்துவமாதரின் உழைப்புமே இம்மாற்றத்தைச் செய்தன.

இதே காலத்தில் வேறொரு சக்தியும் வளர்ந்தது. 1867இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே குழந்தைகளுக்கான பால்மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் மாவும் டின்பாலும் குடியேற்ற நாடுகளின் சந்தைகளை நிறைத்தன. 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் உரையாற்றினார். "பாலும் கொலையும்" என்பதே அவ்வுரையின் தலைப்பு. இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென விளம்பரப்படுத்துவதை அவர் கொலைக்கு ஒப்பிட்டார். அந்தக் குரல் உலக மன்றத்தை எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனைக்கான நெறிக்கோவையை ஏற்றது. ஆதரவாக 118 வாக்குகள். எதிராக ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்காவினுடையது!

இந்தப் போராட்டம் கற்பிட்டிக்கு அந்நியமானதன்று. குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செழிக்கின்றன. அவற்றுக்கு இடும் இரசாயன உரமோ மணலூடே கசிந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. பல கிணறுகளில் அதன் அளவு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நைத்திரேற்று அகலாது, செறிவே கூடும். இங்கே தாய்ப்பால் சத்துணவு மட்டுமன்று; குழந்தைக்கும் கிணற்றுக்கும் நடுவே நிற்கும் அரணுமாகும்.

இனிப் பம்பின் கதைக்கு வருவோம். 1854இல் அமெரிக்காவில் ஓர்வெல் நீடம் என்பவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் சதுரங்க வீரரும் பொறியியலாளருமான எட்வர்ட் லாஸ்கர் ஒன்றை அமைத்தார். 1956இல் சுவீடனின் ஐனார் எக்னெல் தாயை நோகச் செய்யாத உறிஞ்சு விசையை ஆராய்ந்து, வைத்தியசாலைக்கு உகந்த பம்பை உருவாக்கினார். குறைமாதத்தில் பிறந்து, உறிஞ்ச வலுவற்றிருக்கும் சிசுவுக்கு இது பெரும் கொடை. விஞ்ஞானத்தை இங்கே வாழ்த்தவே வேண்டும். ஆனால் 1990களில் அது அமெரிக்க வீட்டுச் சந்தைக்குள் பெருமளவில் புகுந்தமைக்கு வேறு காரணமுண்டு. பெண்கள் வேலைக்குத் திரும்பினர். குழந்தை வீட்டில் இருந்தது. அவர்களுக்குப் போதிய விடுமுறை வழங்கப்படவில்லை, கருவியே விற்கப்பட்டது.

அப்படியானால் நம் கரையின் இளந்தாய் எதைத் தேர்வது? நாள் முழுதும் குழந்தையோடிருப்பவளுக்குப் பம்பு பெரும்பாலும் வேண்டியதில்லை. கையால் பாலைப் பிழிந்தெடுக்கும் முறையை மருத்துவமாது கற்றுத் தருவார், அதற்குச் செலவுமில்லை. எப்போதாவது பிரிந்திருப்பவளுக்குக் கைப்பம்பு போதும். மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. அன்றாடம் வேலைக்குச் செல்பவளுக்கு மின்பம்பு நேரத்தை மிச்சப்படுத்தும். எதுவாயினும், மார்பில் பொருந்தும் புனல் அளவாயிருத்தல் வேண்டும். பொருந்தாதது நோவைத் தந்து பாலையும் குறைக்கும். ஒருவருக்கென அமைந்த கருவியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. பிழிந்த பால் 25 பாகை வெப்பத்தில் நான்கு மணி நேரமே தாங்கும். நம் கரையின் வெப்பத்தில் அதைவிடக் குறைவாகவே கொள்க.

எனினும் இத்தேர்வு எல்லோருக்கும் வாய்த்ததா? கருவாட்டு வாடியில் மீன் பிளப்பவளும், உப்பளத்தில் உப்பு வாருபவளும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து கூலி உழைப்பில் வாழ்வைக் கட்டியெழுப்பிய முஸ்லிம் குடும்பங்களின் பெண்ணும் பம்பை எங்கே வைத்து இயக்குவர்? பாலை எந்தக் குளிர்பெட்டியில் வைப்பர்? நம் நாட்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூரில் அவ்வுரை நிகழ்ந்த அதே ஆண்டில், பிறந்தது. ஒரு வயது நிறையாத குழந்தையின் தாய்க்குப் பாலூட்டுவதற்கென வேலைநாளில் இரு இடைவேளைகள் தரவேண்டும் என்று அது விதிக்கிறது. வேலைத்தலத்தில் குழந்தைக் காப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லையேல் ஒருமணி. நல்ல சட்டந்தான். ஆனால் நாட்கூலிக்காரி கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா? மேலும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது வைத்தியம். விடுமுறையோ 84 நாள். வாராந்த ஓய்வுநாட்களை விலக்கி எண்ணினாலும் ஆறு மாதம் நிறைவதில்லை.

2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பருகினர். உலகு வியக்கும் இச்சாதனை கருவியால் வந்ததன்று. தாய்மாராலும் மருத்துவமாதராலும் வந்தது. அதைக் காக்க வேண்டுமாயின் பம்பின் விலையை மட்டும் விசாரித்தால் போதாது. வாடியருகே ஒரு குழந்தைக் காப்பிடம், நாட்கூலிக்காரிக்கும் ஊதியத்தோடு கூடிய மகப்பேற்று விடுமுறை, கற்பிட்டிக்குத் தூய குடிநீர் ஆகிய மூன்றையும் கேட்போம். பம்பு பாலை எடுத்துத் தரும். நேரத்தை எடுத்துத் தராது. அதை உழைக்கும் மக்கள் சேர்ந்து கேட்டே பெறவேண்டும்.