திரைக்கு வந்த தைக்கோ

தைக்கோ ஜப்பானியத் திருவிழாக்களில் முழங்கும் மேளம். 1999-இல் கொனாமியின் 'டிரம்மேனியா' மேற்கத்திய டிரம் செட்டை ஐந்து தட்டுகளும் ஒரு மிதியுமாக விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. 2001-இல் நாம்கோ, 'தைக்கோ நோ தட்சுஜின்' விளையாட்டில் உள்ளூர் மேளத்தையே கருவியாக்கியது.

அதில் அடிப்படை அடிகள் இரண்டே. திரையில் வலமிருந்து இடமாக ஓடிவரும் சிவப்பு வட்டத்துக்கு மேளத்தின் முகத்தில் 'டொன்'. நீல வட்டத்துக்கு விளிம்பில் 'கா'. பெரிய வட்டத்துக்கு இரு குச்சிகளும் ஒருசேர விழ வேண்டும். மஞ்சள் பட்டை முடியும்வரை இடைவிடாமல் தட்ட வேண்டும்.

2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கான பதிப்போடு 'டாடாகான்' என்ற சிறு பிளாஸ்டிக் மேளம் வீட்டுக்குள் வந்தது. 2003-இல் நாம்கோ உருவாக்கிய 'டாங்கி கொங்கா' விளையாட்டு பாங்கோ மேள வடிவக் கருவியைக் கொண்டிருந்தது. 2004-இல் தைக்கோ விளையாட்டு வட அமெரிக்காவிலும் வெளியானது.